மட்கார்டின் உட்புறத்துக்கு ராப்டர் பூச்சு: இரண்டு மழைக்காலம் கழித்து ஒரு மதிப்பீடு

யூ-போல் நிறுவனத்தின் ராப்டர் என்னும் இரு பகுதி யூரித்தேன் பூச்சை, 1960களின் பிற்பகுதியில் வந்த என் வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் நான்கு மட்கார்டுகளுக்கும் உட்புறத்தில் அடித்து, அதன் பிறகு வண்ண வேலையையும் முடித்து, வண்டியை ஓட்டத் தொடங்கி இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. அண்மையில் பின்பக்க மட்கார்டு ஒன்றைக் கழற்றிக் கழுவி, வெயிலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓர மடிப்பிலும், வெல்டிங் இணைப்பிலும், போல்ட் துளைகளைச் சுற்றிலும் துருவின் சாயல்கூட இல்லை. அந்த மனநிறைவோடு இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கான பெருமை முழுவதையும் ராப்டருக்கே கொடுத்துவிட முடியாது. அது மூன்றாவதாக வந்த அடுக்கு. அதற்கு முன் அடித்த எபாக்சி பிரைமரும் (தகட்டைக் காக்கும் அடிப்பூச்சு), இணைப்புகளில் இழுத்த சீம் சீலரும் (இடுக்குகளை அடைக்கும் பசை) இல்லாமல் இதே பூச்சை வெறும் தகட்டின்மேல் அடித்திருந்தால், இந்தப் பலன் கிடைத்திருக்காது. ஆகவே இது ஒரு பூச்சின் மதிப்பீடாக இருந்தாலும், அந்தப் பூச்சு எந்த இடத்தில் வரவேண்டும் என்பதைப் பற்றியும் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

புதிய கார்கள் பலவற்றில் சக்கரத்துக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் மறைப்பு இருக்கும். பீட்டிலில் அது கிடையாது. உடற்பகுதியோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்ட ஒற்றைத் தகடுதான் அதன் மட்கார்டு. இரண்டுக்கும் நடுவில் பீடிங் எனப்படும் ஒரு மெல்லிய பட்டை மட்டும் இருக்கும். டயர் வாரி எறியும் சல்லியும் மணலும் சேறும் நேராக அந்தத் தகட்டில் மோதுகின்றன. உள்ளிருந்து வேகமாக அடிக்கும் கூர்மையான கல், தகட்டை வெளிப்பக்கமாக ஒரு கடுகளவு புடைக்க வைத்துவிடும். வெளியே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) தடிமனாகப் போடப்பட்டிருந்தால், அந்தச் சிறு அசைவைத் தாங்காமல் அது வெடிக்கும். வண்ணமும் கூடவே வெடிக்கும். கல்லடியைவிட மோசமானது தேங்கும் சேறு. முன் மட்கார்டில் ஹெட்லைட் கிண்ணம் உட்புறமாகப் புடைத்து நிற்பதால் அதன் மேல்பக்கத்தில் சேறு அப்பிக்கொள்கிறது. அதேபோல் ஃபுட்போர்டு வந்து சேரும் மூலையிலும், தகட்டை உள்நோக்கிச் சுருட்டியிருக்கும் ஓர மடிப்பிலும் சேறு உட்கார்ந்துவிடுகிறது. மேலே காய்ந்ததுபோல் தெரியும் சேற்றுக்குள் ஈரம் நாள்கணக்கில் நிற்கும். துரு அங்கே தொடங்கித் தகட்டைத் தின்றுகொண்டே வந்து, கடைசியில்தான் வெளிப்புற வண்ணத்தில் ஒரு கொப்புளமாகத் தலைகாட்டும். அதைப் பார்த்துவிட்டு வெளிப்புறத்தை மட்டும் தேய்த்துப் பட்டி வைப்பதில் பயனில்லை.

இதே காருக்குப் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் வண்ணம் அடித்தபோது, எல்லா வேலையும் முடிந்த பிறகு, கடைசி நாளில் ஒரு ஸ்ப்ரே டின்னிலிருந்து கறுப்பு நிறத் தார் கலந்த அண்டர்கோட்டிங்கை மட்கார்டுகளுக்குள் அடித்துக் கொடுத்தார்கள். பார்ப்பதற்கு மிக நன்றாக இருந்தது. தட்டினால் சத்தம் அடங்கியிருந்தது. எனக்கும் அது போதுமென்று பட்டது. இந்த முறை மட்கார்டுகளைக் கழற்றியபோது அந்தக் கறுப்புப் பூச்சில் ஒரு சுரண்டியைச் செருகினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரே துண்டாக உரிந்து வந்தது. அதன் பின்னால் ஈரமான செம்பழுப்புத் தூள். தார் சார்ந்த பூச்சுகள் காலப்போக்கில் தங்கள் எண்ணெய்த் தன்மையை இழந்து இறுகி, மயிரிழை விரிசல்கள் விடும். அந்த விரிசல் வழியாக உள்ளே இழுக்கப்படும் நீர் வெளியே வர வழியில்லாமல் பூச்சுக்கும் தகட்டுக்கும் நடுவில் தங்கிவிடுகிறது. பூச்சே இல்லாத தகடு மழைக்குப் பின் காய்ந்தாவது போயிருக்கும். காப்பாற்றுவதற்காக அடித்த பொருளே ஈரத்தைப் பிடித்து வைத்து, அந்தத் துருவைப் பார்வைக்கும் மறைத்துவிட்டது எனக்கு உண்மையாகவே வருத்தத்தைத் தந்தது. அந்தத் தாரை ஹீட் கன்னாலும் சுரண்டியாலும் தின்னர் நனைத்த துணியாலும் எடுத்து முடிக்க மூன்று முழு நாள்கள் ஆயின. முன் மட்கார்டு ஒன்றில் ஓர மடிப்பையே ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டியிருந்தது.

வண்ணம் அடிப்பதற்கு முன் உட்புறத்துக்கு எதை அடிப்பது என்ற கேள்விக்கு விடை தேடும்போது, முதலில் எவற்றை ஒதுக்க வேண்டும் என்பது தெளிவானது. மெழுகு சார்ந்த பூச்சுகள் துருவைத் தடுப்பதில் மிகச் சிறந்தவை. ஆனால் வண்ண வேலைக்கு முன் அவற்றைப் பட்டறைக்குள் கொண்டுவரவே கூடாது. மெழுகோ சிலிக்கோனோ துளியளவு கைப்பட்டு வெளிப்புறத்துக்குப் போனாலும், அங்கே வண்ணம் ஒட்டாமல் விலகி வட்டவட்டமாகக் குழி விழும். பெயிண்டர்கள் இதை மீன்கண் என்பார்கள். தார் சார்ந்தவற்றின் மேல் வண்ணம் அடித்தால், தாரின் பழுப்பு நிறம் மேலே கசிந்து வரும். பிஓஆர்-15 போன்ற, காற்றின் ஈரத்தை உறிஞ்சி இறுகும் யூரித்தேன் பூச்சுகளையும் யோசித்தேன். துரு இறுகப் பிடித்திருக்கும், முழுவதும் சுரண்ட முடியாத சேஸிஸ் மூலைகளுக்கு அவை பொருத்தமானவை. ஆனால் பளபளப்பான வெற்றுத் தகட்டில் அமில முன்தயாரிப்பு இல்லாமல் அவை சரியாகப் பிடிக்காது. மேலும் அவை வெயிலைத் தாங்காதவை என்பதால் மேலே வேறொரு பூச்சும் வேண்டும். என்னுடைய மட்கார்டுகள் கழற்றப்பட்டு, துரு முழுவதும் நீக்கப்பட்ட நிலையில் இருந்ததால் அந்த வழி எனக்குத் தேவைப்படவில்லை. எனக்கு வேண்டியது மூன்று: இறுகிய பிறகு தாரைப்போல விரிசல் விடாமலிருக்க வேண்டும், கல்லடியைத் தாங்கும் தடிமன் வேண்டும், மேலே காரின் நிறத்தை அடிக்க இடம் கொடுக்க வேண்டும். சரக்கு ஏற்றும் பிக்-அப் வண்டிகளின் தளத்துக்கென்றே பெயர்பெற்ற ராப்டர் இந்த மூன்றுக்கும் ஒத்து வந்தது.

ஆனால் தயாரிப்பாளரே வெறும் உலோகத்தின்மேல் பிரைமர் அடித்த பிறகுதான் இதை அடிக்கச் சொல்கிறார். அந்த அறிவுரையை மிகவும் பொருட்படுத்த வேண்டும். நான் மட்கார்டுகளின் உட்புறத்தைச் சாண்ட் பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் மணலைப் பாய்ச்சித் துருவை எடுப்பது) செய்யக் கொடுத்தேன். இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. கரடான மணலை அதிக அழுத்தத்தில் ஒரே இடத்தில் பாய்ச்சினால், ஒவ்வொரு மணியும் சிறு சுத்தியல்போல் அடித்து, தகட்டின் ஒரு பக்கத்தை மட்டும் நீட்டி, மட்கார்டின் வளைவையே கெடுத்துவிடும். மெல்லிய துகளும் குறைந்த அழுத்தமும் சாய்ந்த கோணமும் வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டேன். வெளிப்புறத்தின் அகன்ற வளைவை பிளாஸ்டிங்குக்கே விடாமல், தேய்த்து எடுத்துக்கொண்டேன். பிளாஸ்டிங் முடிந்து வந்த தகடு சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருக்கும். அதைக் கைபடாமல் வைத்து அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும், ஏனெனில் ஈரக்காற்றில் அது சில மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சளாகத் துரு பூக்கத் தொடங்கிவிடும். துருவை மாற்றும் பாஸ்பாரிக் அமிலக் கரைசல்களைத் தடவிவிட்டு அதன்மேல் எபாக்சி அடிப்பவர்களும் உண்டு. அமிலத்தின் மிச்சம் சரியாகக் கழுவப்படாவிட்டால் எபாக்சி இறுகுவது கெடும், பிடிமானமும் போகும். நான் அந்த அமிலத்தைத் தொடவே இல்லை.

எபாக்சி பிரைமரை இரண்டு கோட்டு அடித்தேன். ரெட் ஆக்சைடும், பட்டியின் மேல் அடிக்கும் சாதாரண சர்ஃபேசரும் நுண்துளைகள் உள்ளவை, நீரைக் குடிக்கும். இறுகிய எபாக்சி அப்படியல்ல, நீரும் காற்றும் தகட்டை எட்டாமல் நிறுத்துவது அதுதான். உண்மையில் துருவிலிருந்து காக்கும் அடுக்கு இது; ராப்டரின் வேலை இந்த எபாக்சியைக் கல்லிடமிருந்து காப்பது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், பணமும் நேரமும் குறைவாக இருக்கும்போது எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது தானே விளங்கிவிடும். தகட்டின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரி செல்சியஸாவது மேலே இருக்க வேண்டும் என்பது பூச்சு வேலைகளில் பொதுவான விதி. மழை பெய்து ஓய்ந்த அதிகாலையில் குளிர்ந்திருக்கும் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இருக்கும் என்பதால் நான் நண்பகல் வரை காத்திருந்தேன்.

ஓரங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மட்கார்டு அழுகத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். எந்தத் திரவப் பூச்சும் கூர்மையான விளிம்பிலிருந்து பின்வாங்கும். சமதளத்தில் தடிமனாக நிற்கும் பூச்சு, விளிம்பின் முனையில் மிகவும் மெலிந்துபோகும். கப்பல், பாலம் போன்றவற்றுக்கு வண்ணம் அடிப்பவர்கள் இதற்காகவே, ஸ்ப்ரே செய்வதற்கு முன் எல்லா விளிம்புகளுக்கும் வெல்டிங் கோடுகளுக்கும் பிரஷ்ஷால் ஒரு கோட்டு தனியாக இழுப்பார்கள். நானும் அதையே செய்தேன். விளிம்பின் கூர்மையை உப்புத்தாளால் சற்று மழுக்கி, எபாக்சியைச் சிறு பிரஷ்ஷால் மடிப்புக்குள் திணித்துத் தடவி, போல்ட் துளைகளின் உள்வட்டத்துக்கும் தொட்டு வைத்து, அதன் பிறகுதான் ஸ்ப்ரே கன்னை எடுத்தேன். ஸ்ப்ரே மட்டும் நம்பியிருந்தால் சுருட்டிய மடிப்பின் உட்பக்கத்தை அது எட்டியிருக்காது. காற்று அந்த இடுக்கில் சுழன்று பூச்சை வெளியே தள்ளிவிடும்.

அடுத்தது சீம் சீலர். ஸ்பாட் வெல்டிங்கில் இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி நீரைத் தானாகவே உள்ளே இழுக்கும். சீம் சீலரை வெற்றுத் தகட்டின் மேல் போடாமல் எபாக்சியின் மேல் போடுவதே சரி, ஏனென்றால் அதற்குப் பிடிமானமும் வேண்டும், அதன் அடியில் தகடு காப்பாற்றப்பட்டும் இருக்க வேண்டும். ஹெட்லைட் கிண்ணத்தைச் சுற்றியுள்ள இணைப்பில் தாராளமாகவே இழுத்து, விரலால் தடவிச் சரிவாக்கினேன். தண்ணீர் வழிந்து கீழே இறங்கும் திசையை யோசித்து, மேடு பள்ளம் எதுவும் நீரைத் தேக்காதபடி வழித்துவிட்டேன். இந்தச் சிறு வேலைக்கு அரை நாள் பிடித்தது. ஆனால் சேறு தேங்கும் இடங்கள் இப்போது ஒரு குழாயடித் தண்ணீருக்கே கழுவிக்கொண்டு போய்விடுகின்றன.

இனி ராப்டர். பூச்சு பாட்டில்களாகவும், அதைக் கெட்டியாக்கும் இறுக்கி தனியாகவும் வருகின்றன. மூன்று பங்கு பூச்சுக்கு ஒரு பங்கு இறுக்கி என்பது கலவை விகிதம். 750 மில்லிலிட்டர் பூச்சு இருக்கும் பாட்டிலிலேயே இறுக்கிக்கும் இடம் விடப்பட்டிருப்பதால் வேறு பாத்திரமோ அளவுக் குவளையோ தேவையில்லை. ஊற்றி, மூடி, இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கிவிட்டு, மூடியைத் திருகி எடுத்த இடத்தில் ஸ்ப்ரே கன்னையே நேராகத் திருகிவிடலாம். இதற்கான கன்னும் எளிமையானது. ஊசியும் நுண்துளையும் கொண்ட பெயிண்ட் கன்னைப்போல அல்லாமல், காற்று ஒரு குழாய் வழியாகப் பூச்சை உறிஞ்சித் துப்பும் அமைப்பு, கழுவுவதும் சுலபம். வேலை செய்வதற்கு இவ்வளவு இலகுவாக அமைந்த வேறு இரு பகுதிப் பூச்சை நான் பயன்படுத்தியதில்லை. நிறம் கலக்கத்தக்க வகையும் இருக்கிறது. அதில் காரின் வண்ணத்தைக் குறிப்பிட்ட அளவு சேர்த்துக்கொள்ளலாம். நான் அந்த வகையையே எடுத்தேன். கல் பட்டு மேல் வண்ணம் உரிந்தாலும் அடியில் அதே சாயல் தெரியும் என்பதுதான் அதற்குக் காரணம்.

கலந்த பிறகு ஒரு மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும், வெப்பம் அதிகமான நாளில் அதைவிடக் குறைவாகவே நேரம் கிடைக்கும். ஆகவே எல்லா மட்கார்டுகளையும் மறைத்து ஒட்டி, கம்பியில் தொங்கவிட்டு, கம்ப்ரஸரின் நீர்ப்பிரிப்பானை வடித்துவிட்டு, அதன் பிறகே முதல் பாட்டிலைக் கலந்தேன். எபாக்சி மேல் உடனே அடிக்கக்கூடிய கால எல்லை கடந்துவிட்டிருந்ததால், சிவப்பு ஸ்காட்ச் பிரைட் தேய்ப்பானால் முழுப் பரப்பையும் பளபளப்பு போகும் வரை தேய்த்துக்கொண்டேன். அந்தக் கால எல்லை ஒவ்வொரு எபாக்சிக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும். அதன் தரவுத் தாளில் இருப்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பூச்சின் சொரசொரப்பைத் தீர்மானிப்பவை காற்றழுத்தமும் தூரமும்தான். அழுத்தத்தைக் கூட்டி, சற்றுத் தள்ளி நின்று அடித்தால் மணல்போன்ற நுண்ணிய பரப்புக் கிடைக்கும். அழுத்தத்தைக் குறைத்து அருகில் நின்று அடித்தால் ஆரஞ்சுத் தோலைவிடக் கரடாகத் துளிகள் விழும். ஓர் அட்டையில் மூன்று நான்கு முறை அடித்துப் பார்த்தே என் அழுத்தத்தைத் தேர்ந்துகொண்டேன். மட்கார்டுக்கு நுண்ணிய பரப்பையே பரிந்துரைப்பேன். கரடான பரப்பு பார்வைக்கு உறுதியானதுபோலத் தெரிந்தாலும், அதன் குழிகளில் சேறு அப்பிக்கொள்ளும். நாம் எதிர்க்கப் புறப்பட்ட எதிரியே அதுதான். முதல் கோட்டை அடித்தளம் லேசாகத் தெரியும்படி மெல்லியதாக அடித்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் விட்டு, இரண்டாவதை நிறைவாக அடித்தேன். முதல் கோட்டையே கனமாக அடித்தால் செங்குத்தான பக்கங்களில் வழியும். கிண்ணத்தின் பின்புறத்துக்கும் டயருக்கு நேர் மேலே உள்ள வளைவுக்கும் மூன்றாவதாக ஒரு கோட்டு கொடுத்தேன். நான்கு மட்கார்டுகளுக்கும் சேர்த்து இரண்டு பாட்டில்கள் போதுமானவையாக இருந்தன.

மறைத்து ஒட்டுவதில் ஒரு விஷயத்தை வலியுறுத்த விரும்புகிறேன். மட்கார்டு உடற்பகுதியோடு சேரும் பட்டையான விளிம்பில் ராப்டர் படவே கூடாது. அங்கே எபாக்சியும் வண்ணமும் மட்டும் போதும். தடித்த பூச்சு அந்த விளிம்பில் இருந்தால் பீடிங் சரியாக உட்காராது, மட்கார்டு வெளியே தள்ளி நிற்கும், போல்ட்டின் அடியில் பூச்சு நசுங்கிக்கொண்டே போவதால் இறுக்கமும் தளர்ந்துவிடும். அதேபோல் வெளிப்புறம் நோக்கிய ஓரத்தில் டேப்பை மடிப்பின் உள்முனையிலேயே நிறுத்தி, பூச்சு ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்துவிட வேண்டும். இறுகிய பிறகு இழுத்தால் படிபோல ஓர் ஓரம் நிற்கும், அல்லது பூச்சும் சேர்ந்து கிழிந்து வரும். டேப்பைத் தாண்டி ஓரிரு இடங்களில் வெளிப்புறத்துக்குப் பறந்து படிந்த தூசித் துளிகளை மறுநாள் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். உட்புறப் பூச்சை வெளிப்புற வண்ணத்துக்கு முன்பே முடிக்க வேண்டும் என்பதன் காரணம் இதில்தான் அடங்கியிருக்கிறது. வெளியே இன்னும் பிரைமர் நிலையில் இருந்ததால் அந்தத் தேய்ப்பு எதையும் கெடுக்கவில்லை. பளபளப்பான புது வண்ணத்தின்மேல் அதே துளிகள் விழுந்திருந்தால் வேறு கதை. தொங்கும் மட்கார்டைத் திருப்பிப் பிடிப்பதும் உரசுவதும் முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன என்பது இன்னொரு வசதி.

பாதுகாப்பு பற்றி எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்ல வேண்டும். இதன் இறுக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலில் ஒவ்வாமையை உண்டாக்கக் கூடியது. ஒரு முறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் ஆஸ்துமா போன்ற மூச்சுத்திணறல் வரும், அது வாழ்நாள் முழுவதும் நீடிக்கவும் கூடும். அதன் நெடி மூக்குக்குத் தெரியும் முன்பே அளவு மீறியிருக்கும் என்பதால், வாசனை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது ஆபத்தானது. வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகமூடி, கையுறை, உடல் முழுவதும் மூடிய உடை ஆகிய மூன்றும் இல்லாமல் இதை வீட்டுக் கொட்டகையில் அடிக்க வேண்டாம். துணியை மூக்கில் கட்டிக்கொண்டு ஸ்ப்ரே செய்யும் பெயிண்டர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. அந்த வசதிகள் இல்லாதவர்கள், அவை உள்ள பட்டறையில் கொடுத்துவிடுவதே நல்லது.

வண்ணத்தைப் பொறுத்தவரை, ராப்டர் இறுகிய பிறகு அதன்மேல் வெளிப்புறத்துக்கு அடித்த அதே வண்ணத்தையும் கிளியரையும் (வண்ணத்தின் மேல் வரும் நிறமற்ற அடுக்கு) ஒரு கோட்டு உட்புறத்துக்கும் கொண்டுபோனோம். கிளியரின் வழவழப்பு நுண்குழிகளை ஓரளவு நிரப்புவதால் சேறு கழுவுவது எளிதாகிவிடுகிறது. இதைச் செய்ய வாய்ப்புள்ளவர்கள் தவறாமல் செய்யலாம்.

இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு கண்டவை இவை. டயருக்கு நேர் மேலே உள்ள வளைவில் கிளியரும் வண்ணமும் கல்லடியால் பல இடங்களில் புள்ளி புள்ளியாகப் போயிருக்கின்றன. அதன் அடியில் ராப்டர் அப்படியே இருக்கிறது; நகத்தால் அழுத்தினால் சற்றே விட்டுக்கொடுப்பதுபோன்ற கெட்டித்தன்மை இன்னும் குறையவில்லை. ஓர் இடத்தில் மட்டும் கூரான எதுவோ கீறி எபாக்சி வரை காயம் ஏற்பட்டிருக்கிறது, ஆனால் காயத்தின் விளிம்பு தூக்கிக்கொள்ளவில்லை, நீர் பக்கவாட்டில் பரவவும் இல்லை. தார்ப் பூச்சுக்கும் இதற்கும் உள்ள முழு வேறுபாட்டையும் அந்த ஒரு கீறலிலேயே பார்த்தேன். மட்கார்டை விரலால் தட்டினால் வெறும் தகடாக இருந்தபோது தகரம்போல ஒலித்தது, இப்போது அடங்கிய ஓசைதான் வருகிறது. சரளைச் சாலையில் போகும்போது உள்ளே கேட்கும் கல் சத்தமும் நன்றாகக் குறைந்திருக்கிறது. வெளிப்புற வண்ணத்தில் எந்தப் புடைப்பும் விரிசலும் இல்லை.

குறைகளும் உண்டு. காரைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே மீட்டெடுத்து, கண்காட்சி நடுவர்களிடம் காட்ட விரும்புபவர்களுக்கு இது பொருந்தாது. அக்காலக் கார்களில் பலவற்றின் மட்கார்டு உட்புறம் வழவழப்பான வண்ணத்தோடுதான் வந்தது, சொரசொரப்பான பூச்சு முதல் பார்வையிலேயே புதிதென்று தெரிந்துவிடும். அவர்கள் எபாக்சி இரண்டு கோட்டு, சீலர், காரின் வண்ணம் என்று நிறுத்திக்கொண்டு, வண்ணம் முழுவதும் இறுகிய பிறகு நிறமற்ற மெழுகுப் பூச்சை உள்ளே அடித்துக்கொள்வது சிறந்தது. ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். மழைநாளில் வண்டியை எடுக்காதவர்களுக்கு அது போதுமான காப்பு. இன்னொரு குறை, பின்னாளில் மட்கார்டில் ஒடுக்கு விழுந்து டிங்கரிங் செய்ய வேண்டிவந்தால் தெரியும். உள்ளிருந்து சுத்தியல் வைத்துத் தட்டும் இடத்தில் இந்தப் பூச்சை எடுத்தாக வேண்டும், அது எளிதில் வராது. ஹீட் கன்னும் பொறுமையும் வேண்டும். அதன்மேலேயே வெல்டிங் வைத்தால் வரும் புகை நச்சுத்தன்மை கொண்டது. ஆகவே ஒடுக்கு எடுக்கும் வேலை, தகடு மாற்றும் வேலை, உடலோடு பொருத்திப் பார்த்து இடைவெளி சரிசெய்யும் வேலை எல்லாவற்றையும் முடித்துவிட்ட பிறகே இதற்கு வரவேண்டும். நான் நான்கு மட்கார்டுகளையும் பீடிங்கோடு ஒரு முறை முழுவதுமாக மாட்டி, ஹெட்லைட்டும் ஃபுட்போர்டும் பொருத்திப் பார்த்துவிட்டு, மறுபடியும் கழற்றிய பின்புதான் எபாக்சியைத் தொடங்கினேன்.

துருவின் மேலேயே அடித்து ஒரே நாளில் வேலையை முடித்துவிட நினைப்பவர்களுக்கு ராப்டர் தேவையில்லை. அவர்கள் எதை அடித்தாலும் அடியில் துரு தொடரும். மட்கார்டைக் கழற்றி, தகடு வரை சுத்தம் செய்து, எபாக்சியும் சீலரும் முடித்து, வண்டியை மழையிலும் மண்சாலையிலும் ஓட்டும் எண்ணத்தோடு இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கல்லடிப் பூச்சை நான் அறியவில்லை. கடைசியாக மாட்டும்போது, பீட்டிலின் 8 மில்லிமீட்டர் போல்ட்டுகளின் திருகுகளில் கிரீஸ் தடவி, உடற்பகுதியில் பற்றவைத்த நட்டுகளுக்குள் மெழுகைப் பீய்ச்சிவிட்டேன். வண்ணம் முடிந்துவிட்டதால் இப்போது மெழுகுக்கு எந்தத் தடையும் இல்லை. அண்மையில் அந்தப் பின் மட்கார்டைக் கழற்றியபோது, முன்பு ஒவ்வொரு போல்ட்டையும் சூடாக்கியும் அறுத்தும் எடுத்த அதே இடத்தில், எல்லாப் போல்ட்டுகளும் 13 மில்லிமீட்டர் ஸ்பேனருக்கு முதல் இழுப்பிலேயே சுழன்று வந்தன.